சர்வீஸ் சார்ஜ் கட்டிய பிறகும் டைவ் கைடுக்கு டிப்ஸ் தர வேண்டுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் 7 இரவு தங்கப்போகிறோம். ஆளுக்கு 10 டைவ் (சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் மூழ்கி நீந்துவது). அதற்கான பேக்கேஜ் ஆளுக்கு 800 அமெரிக்க டாலர். பில்லில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் வரி என்று இருக்கிறது. இதற்குப் பிறகும் டிப்ஸ் தர வேண்டுமா? யாருக்கு, எவ்வளவு, எந்தப் பணத்தில்?

பதில்: கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் கட்டும் சர்வீஸ் சார்ஜ், படகில் உங்களோடு வருகிறவர்கள் கைக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துவிடாதீர்கள். டிப்ஸுக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி படகுக்குப் போகட்டும் என்பதே என் ஆலோசனை.

முதலில் பில்லைப் பார்ப்போம். விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி என்று அர்த்தம். 100 டாலர் என்று போட்டிருந்தால் சர்வீஸ் சார்ஜோடு 110 ஆகும். சுற்றுலாத் துறைக்கான 17 சதவீத வரி அந்த 110-க்கும் சேர்த்துத்தான் போடப்படும். ஆக நீங்கள் கட்டுவது 128.70 டாலர். இந்தக் கணக்குத் தெரியாமல் பட்ஜெட் போட்டவர்கள், கடைசி நாளில் பில்லைப் பார்த்துவிட்டு டிப்ஸில்தான் கை வைக்கிறார்கள். சர்வீஸ் சார்ஜில் 99 சதவீதத்தை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது மாலத்தீவுச் சட்டம். அதனால் அறையைச் சுத்தம் செய்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் உங்கள் பில்லில் ஏற்கெனவே ஒரு பங்கு உண்டு.

டைவ் சென்டர் கதை வேறு. பல ரிசார்ட்டுகளில் அதை வெளி நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தில் நடத்துகிறது. கைடு அந்த நிறுவனத்தின் ஆள். படகோட்டி ரிசார்ட்டின் ஆளாகவும் இருக்கலாம். எனவே போன முதல் நாளே டைவ் சென்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "டைவ் பில்லில் உள்ள சர்வீஸ் சார்ஜ் கைடுகளுக்கும் படகுக்காரர்களுக்கும் போகிறதா? டிப்ஸை ஒரே பெட்டியில் போட்டுப் பிரிக்கிறீர்களா, ஆளாளுக்குக் கொடுக்கலாமா?" இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். தினமும் அவர்களிடம் கேட்கப்படும் கேள்விதான்.

படகுக்காரர்களுக்கு என்ன அவ்வளவு முக்கியத்துவம் என்று தோன்றலாம். மாலத்தீவில் டைவ் படகை தோனி என்பார்கள். நம் தோணியை நினைவூட்டும் பெயர். நீங்கள் குதிப்பதற்கு முன்னால் கைடு மட்டும் மாஸ்க், காலில் மாட்டும் துடுப்போடு தண்ணீரில் இறங்கித் தலையைக் கீழே வைத்துப் பார்ப்பார். மீன்கள் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன, நீரில் மிதக்கும் துகள்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதை வைத்து நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் கணிப்பார். அவர் கை காட்டும் இடத்துக்குப் படகோட்டி தோனியைத் திருப்பி, பவளப்பாறையின் சரியான முனையில் உங்களை இறக்குவார். அடுத்த 50, 60 நிமிடம் உங்கள் காற்றுக்குமிழ்களைப் பின்தொடர்ந்து வந்து, நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்ட விடும் மிதவை மேலே வந்ததும் உங்களை ஏற்றிக்கொள்வதும் அவர்தான். சிலிண்டரை மாட்டி, முதுகில் ஏற்றி, ஏணியில் கை கொடுக்கும் உதவியாளர்கள் வேறு. கைடுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் பாதிப் பேரை விட்டுவிட்டீர்கள்.

எவ்வளவு? பேக்கேஜ் விலையில் சுமார் 10 சதவீதம் என்பது டைவர்களிடையே உள்ள வழக்கம். உங்கள் கணக்கில் அது இருவருக்கும் சேர்த்து 160 டாலர். ஒரு டைவுக்கு 5 முதல் 10 டாலர் என்று கணக்கிடுபவர்களும் உண்டு. 20 டைவுக்கு 100 முதல் 200 வரை வரும். நீங்கள் 150 டாலர் ஒதுக்குங்கள். கைடுக்கு 90, படகுக்காரர்கள் எல்லோருக்குமாக 60. தினம் ஒரு கைடு மாறினால், கைடுகளுக்கான பணத்தை டைவ் எண்ணிக்கைப்படி பிரியுங்கள். அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு நாளுக்கு 5 வீதம் 35. ஒரே ஆள் வாரம் முழுக்கப் பரிமாறினால் கடைசியில் 25. பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு 2 டாலர். இரண்டு பெட்டி, வரும்போதும் போகும்போதும், மொத்தம் 8. கூட்டினால் 218. கைவசம் இன்னொரு 22 சேர்த்து 240 டாலர்.

இந்த 240-ஐ எந்த நோட்டுகளாக வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். 20 டாலர் நோட்டு 5, 10 டாலர் 7, 5 டாலர் 10, 1 டாலர் 20. கிளம்பும் முன்பே இப்படிச் சில்லறையாக மாற்றி வாங்குங்கள். தீவில் 100 டாலர் நோட்டை நீட்டினால் மாற்றித் தர எப்போதும் சில்லறை இருக்கும் என்று சொல்ல முடியாது. கிழிந்தது, பேனாவால் எழுதியது, முத்திரை குத்தியது வேண்டாம்; வங்கியில் அவற்றை மறுத்தால் நஷ்டம் வாங்கியவருக்கு. நாணயங்களும் அப்படித்தான். வெளிநாட்டு நாணயத்தை வங்கிகள் பொதுவாக மாற்றித் தருவதில்லை, அதனால் 2 யூரோ காசு அவருக்கு வெறும் உலோகம். உள்ளூர் ருஃபியாவும் தரலாம், ஆனால் டிப்ஸுக்கென்று மாற்றி வைக்காதீர்கள். மிச்சமானால் நாட்டுக்கு வெளியே அதை மாற்றுவது கடினம். கார்டில் டிப்ஸ் போட்டால் நிர்வாகத்தின் வழியே, எப்போது, எவ்வளவு என்று தெரியாமல் போகும். வேறு வழியில்லை என்றால் மட்டும் கார்டு, இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி டாலரையே தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

அறைப் பணத்தை தினமும் கொடுங்கள், ஏனென்றால் ஆள் மாறலாம். படகுப் பணத்தைக் கடைசி டைவ் முடிந்த அன்றே கொடுங்கள். பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கடல் விமானத்துக்கும் இதே கணக்குதான். ஆகவே உங்கள் கடைசி டைவ் கிளம்புவதற்கு முந்தைய நாளே முடிந்துவிடும். கிளம்பும் காலையில் கொடுக்கலாம் என்று இருந்தால், தோனி கடலில் இருக்கும். கைடுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று என இரண்டு உறையில் பெயர் எழுதிக் கொடுத்தால் குழப்பம் வராது.

ஒன்றை மனதாரச் சொல்கிறேன்: நீரோட்டம் சரியில்லை என்று கைடு ஒரு டைவை ரத்து செய்தாலோ பாதியில் மேலே கூட்டிவந்தாலோ டிப்ஸைக் குறைக்காதீர்கள். அன்றுதான் அவர் தன் வேலையை முழுதாகச் செய்திருக்கிறார். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டி அழைத்துப் போவதற்கும், படத்துக்காக உயிரினங்களைத் தொட்டு விரட்டுவதற்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம். முன்விளக்கம் சொல்லாமல் இறக்கிவிட்டு, குழுவைத் திரும்பிப் பார்க்காமல் போகும் கைடுக்கும் தர வேண்டியதில்லை. அதை டைவ் சென்டர் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அதற்காகப் படகுக்காரர்களின் 60-ல் கை வைக்காதீர்கள்.

பணம் நெருக்கடியாக இருந்தால் உணவகத்தின் 25-ஐ முதலில் குறையுங்கள், அடுத்து அறையின் 35-ஐ. சர்வீஸ் சார்ஜில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. டைவ் சென்டரில் கேட்டபோது படகுக்கும் பங்கு உண்டு என்று தெளிவாகச் சொன்னார்கள் என்றால், 150-ஐ 100 ஆக்கிக்கொள்வதில் தவறில்லை.