சூடாக்கிப் பிரித்தால் எல்லாமே கலவைதானா?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், 'பிரிக்க முடிந்தால் கலவை, முடியாவிட்டால் சேர்மம்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அப்படியானால் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிக்கிறார்களே, அது கலவையா என்று கேட்கிறாள். வீட்டிலேயே ஆபத்தில்லாமல் செய்துகாட்டி விளக்க வழி உண்டா?

பதில்: உங்கள் மகளின் சந்தேகம் நியாயமானது. அந்த மனப்பாட வரிதான் தவறு. சேர்மத்தையும் பிரிக்கலாம். பிரித்தபின் என்ன கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கலவையில் என்ன போட்டோமோ அதுவே திரும்பக் கிடைக்கும். சேர்மம் உடைந்தால் குணமே மாறிய வேறு பொருள்கள் வரும். இன்னொன்று, விகிதம். உப்புக் கரைசலில் உப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். தண்ணீரிலோ 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன்தான், எங்கிருந்து எடுத்தாலும்.

இரண்டையும் அடுப்பிலேயே காட்டிவிடலாம். ஒரு டிஜிட்டல் தராசும் அகலமான எவர்சில்வர் பாத்திரமும் போதும். அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எடை போட்டு எழுதும் வேலையை மகளிடம் விடுங்கள்.

முதலில் கலவை. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் உப்பைக் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். இரண்டு ஸ்பூன் அளவு தண்ணீர் மிஞ்சும்போது தீயை மிகவும் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு வெடித்துத் தெறிக்கும், எடையும் குறையும். காய்ந்ததும் ஏறக்குறைய அதே 10 கிராம் இருக்கும். கூடுதலாகக் காட்டினால் ஈரம் இன்னும் போகவில்லை என்று பொருள். சர்க்கரையை வைத்து இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் வற்றியதும் சர்க்கரையே சிதைந்து கருகிவிடும், குழந்தை குழம்பிப்போவாள்.

அடுத்து சேர்மம். சமையல் சோடா வாங்குங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம். பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு அமிலப்பொடியும் மாவும் சேர்ந்த கலவை, கணக்கு வராது. காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொண்டு 20 கிராம் சோடாவை மெல்லிய படலமாகப் பரப்பி, நடுத்தரத் தீயில் கிளறுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. உருவாகும் பொருள் அலுமினியத்தை அரிக்கும். சிறிது நேரத்தில் காய்ந்த பொடி திரவம்போலத் தளதளவென்று அசையும். குளிர்ந்த தட்டு ஒன்றை மேலே பிடித்தால் அதில் நீர்த்துளிகள் படியும். உலர்ந்த பொடியிலிருந்து தண்ணீர் எப்படி வந்தது? இந்தக் கேள்வியை அவளே கேட்கட்டும், கொஞ்சம் காத்திருங்கள்.

சோடா உடைந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேற, சலவைச் சோடா மிஞ்சுகிறது. 20 முதல் 30 நிமிடம் கழித்து ஆறவைத்து எடை போடுங்கள். சூடாக இருக்கும்போது தராசு தவறாகக் காட்டும். மறுபடி 5 நிமிடம் சூடாக்கி எடை போட்டும் மாறவில்லை என்றால் வினை முடிந்தது. பாத்திரத்தின் எடையைக் கழித்தால் சுமார் 12.6 கிராம் இருக்க வேண்டும். 15, 16 கிராமிலேயே நின்றால் படலம் தடிமனாக இருந்திருக்கும், கட்டிகளை உடைத்துத் தொடருங்கள். 40 கிராமில் செய்தால் 25 கிராம் மிஞ்சும். அளவை எப்படி மாற்றினாலும் மிஞ்சுவது 63 சதவீதம்தான். சேர்மத்தின் மாறாத விகிதம் இப்படித் தராசிலேயே தெரிந்துவிடும். மிஞ்சிய பொடியைச் சுவைக்கவோ கண்ணில் படவோ விடாதீர்கள்.

குழந்தைகள் வழுக்கும் இடங்கள் சில உண்டு. ஒரே சீராகத் தெரிவதால் பித்தளையைச் சேர்மம் என்பார்கள். தாமிரமும் துத்தநாகமும் எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் கலக்கப்படுவதால் அது கலவைதான். காற்றும் கலவையே: உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21 சதவீதம். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருக்கின்றன, ஆனால் இரண்டும் ஒரே தனிமத்தின் அணுக்கள்; அதனால் அது சேர்மம் ஆகாது.

பாடப்புத்தகத்தில் வரும் இரும்புத்தூள், கந்தகச் சோதனையில் கலப்பதும் காந்தத்தால் பிரிப்பதும் வீட்டில் செய்யலாம். சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து இரும்பு சல்பைடு என்ற சேர்மமாகும்; அதற்கு 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்பது கணக்கு. சூடாக்கும் பகுதியை மட்டும் பள்ளி ஆய்வகத்துக்கு விட்டுவிடுங்கள். கந்தகம் தீப்பிடித்தால் வரும் சல்பர் டை ஆக்சைடு மூச்சுக்குழாயைத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம்.