கெப் வாகனத்தின் ஹெட்லைட்டை வீட்டிலேயே மாற்ற என்னென்ன வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் ஜப்பானியத் தயாரிப்பான பழைய டபிள் கெப் ஒன்று உள்ளது. இரவில் ஹபரணை வழியாகத் தம்புள்ளைக்குச் சென்று மரக்கறி ஏற்றி வருகிறேன். கல் பட்டு ஒரு பக்க ஹெட்லைட் வெடித்துவிட்டது. மற்றையது மஞ்சளித்துப் போயுள்ளது. புதிய சோடி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். கராஜுக்குக் கொண்டு போகாமல் வீட்டிலேயே பூட்ட விரும்புகிறேன். எந்தெந்தக் கருவிகள் வேண்டும்? ஹாட்வெயார் கடையில் விற்கும் பெரிய கருவிப் பெட்டி முழுவதும் தேவைப்படுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: பெரிய பெட்டி தேவையில்லை. ஆனால் வாங்கும் சில கருவிகள் நல்லவையாக இருக்க வேண்டும். ஜப்பானிய வாகனங்களில் ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலை பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் அளவுடையது. பற்றரி முனையின் நட்டும் அநேகமாக அதே அளவுதான். ஆகவே 10 மில்லிமீற்றர் சொக்கட் ஒன்று, அதைத் திருப்பும் ரட்செட், சுமார் 15 சென்ரிமீற்றர் நீளமான நீட்டுக் கம்பி ஆகிய மூன்றுமே இந்த வேலையின் பெரும்பகுதியை முடித்துவிடும். பம்பரின் மூலைக்குள் ஒளிந்திருக்கும் போல்ட்டைக் கை எட்டாது என்பதால் நீட்டுக் கம்பி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

சொக்கட்டை வாங்கும்போது அதன் உட்புறத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மூலை கொண்டதை விட்டுவிட்டு ஆறு மூலை கொண்டதையே எடுங்கள். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கடற்காற்றிலேயே நிற்கும் வாகனங்களின் போல்ட்டுத் தலைகள் உப்பரித்துத் தேய்ந்திருக்கும். பன்னிரண்டு மூலை சொக்கட் அந்தத் தலையின் முனைகளை மட்டுமே பற்றுவதால் வழுக்கி வட்டமாக்கிவிடும். ஆறு மூலை சொக்கட்டோ பக்கங்கள் முழுவதையும் பற்றும். வேலைக்கு முதல் நாள் மாலையிலேயே துருவை இளக்கும் எண்ணெயைப் போல்ட்டுகளில் தெளித்து ஊறவிட்டால் மறுநாள் பாதிச் சிரமம் குறையும். பூட்டும்போது முதற் சுற்றுகளைக் கையாலேயே திருப்புங்கள். போல்ட் இறங்கும் இடம் பல வாகனங்களில் பிளாஸ்டிக் என்பதால், இறுகியதும் நிறுத்திவிட வேண்டும்.

ஸ்குரூ டிரைவர் விடயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஜப்பானிய வாகனங்களின் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் பல, ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. சிலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி குழியாகப் பதிந்திருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். சாதாரண பிலிப்ஸ் டிரைவரை அதில் வைத்துப் பலமாகத் திருப்பினால் நுனி மேலே எழும்பி ஸ்குரூவின் தலையைத் துருவிவிடும். கடையில் ஜே.ஐ.எஸ். நுனி கொண்ட இரண்டாம் இலக்க டிரைவர் கேட்டு வாங்குங்கள். பழைய வாகனம் வைத்திருப்பவருக்கு அது பல ஆண்டுகள் பயன்படும்.

கிரில்லையும் பம்பரின் ஓரத்தையும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்ற, நுனி கவையாகப் பிளந்த பிளாஸ்டிக் நெம்புகருவி வேண்டும். தட்டை டிரைவரால் நெம்பினால் பெயின்ற் கீறும், கிளிப்பும் உடையும். பல வருட வெயிலில் காய்ந்த கிளிப்புகள் எப்படிக் கழற்றினாலும் சில உடையத்தான் செய்யும். அதே அளவில் கொஞ்சம் மேலதிகமாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பம்பரின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு விளக்கை வெளியே இழுத்தால் கீறல் விழாது.

இனி மின்சாரப் பக்கம். பற்றரியின் எதிர் முனையை முதலில் கழற்றிவிட்டே விளக்கைத் தொடுங்கள். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் பூட்டு நாக்கை அழுத்தியபடி கழற்ற வேண்டும். உள்ளே பச்சை நிறப் பொடி படிந்திருந்தால் அது உப்புக் காற்று செம்பை அரித்ததன் அடையாளம். புதிய விளக்கைப் பூட்டிய பின்னும் வெளிச்சம் மங்கலாகவே இருக்கிறது என்று முறையிடுவோரில் பலரது வாகனத்தில் குற்றவாளி இந்தப் பொடிதான். கொன்ராக்ட் கிளீனர் தெளித்துச் சிறு பிரஷ்ஷால் துப்புரவாக்கி, உலர்ந்த பின் றப்பர் சீலில் சிலிக்கோன் கிறீஸ் சிறிதளவு தடவுங்கள்.

விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்றும் கையில் இருக்கட்டும். எதிர் முனையை மறுபடி பூட்டி, விளக்கு எரியும்போது பற்றரியின் இரு முனைகளிலும் ஒரு முறை, பல்ப்பின் பின்பக்கத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் ஏறத்தாழ 14 வோல்ட் இருந்து பல்ப்பில் 12 வோல்ட்டே கிடைக்குமானால், எர்த் வயரையும் இணைப்புகளையும் சரிபார்க்க வேண்டும். ஹலஜன் பல்ப்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் படிந்த இடம் மிகையாகச் சூடேறி, பல்ப்பின் ஆயுளைக் குறைக்கும். சுத்தமான கையுறை போதும். தவறித் தொட்டுவிட்டால் அற்ககோலால் துடைத்துவிடுங்கள். உங்கள் வாகனத்தில் செனன் விளக்கு இருந்தால் மட்டும் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அது பற்றும் கணத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும்.

கருவிப் பெட்டியில் இல்லாத இரண்டு பொருட்களையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்: அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும். புதிய விளக்கைப் பூட்டியதோடு வேலை முடிந்ததாக எண்ணிப் புறப்படுபவர்களால்தான் எதிரே வருபவர்களின் கண் கூசுகிறது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான இருளில் யானையும் மாடும் வீதியில் நிற்கக் கூடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் முன்னே போய்விடும். அந்த இடத்தில் ஒளி தாழ்ந்து விழுந்தால் உங்களுக்கு ஆபத்து. உயர்ந்து விழுந்தால் எதிரே வருபவருக்கு ஆபத்து.

சமமான சிமெந்துத் தரையில், சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளி வாகனத்தை நிறுத்துங்கள். மணல் முற்றத்தில் ஒரு சில்லு புதைந்தாலும் அளவு பிழைத்துவிடும். டயர்களில் உரிய காற்று இருக்க, சாரதி ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருக்க, ஒளியின் உயரத்தை உள்ளிருந்தே மாற்றும் திருகு சாரதிக்கு முன்னால் இருந்தால் அது பூச்சியத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து விளக்கின் நடு உயரத்தை அளந்து சுவரில் ஒரு கோடும், அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடும் போடுங்கள். டிம் போட்டதும் ஒளியின் மேல் விளிம்பு கீழ்க் கோட்டைத் தொட்டு நிற்கும்படி விளக்கின் பின்னுள்ள சரிசெய்யும் ஸ்குரூவைத் திருப்புங்கள். இடப்பக்கம் செல்லும் நம் நாட்டு வீதிக்கான விளக்கில் அந்த விளிம்பு வலப்புறம் தட்டையாகவும் இடப்புறம் மேலேறியும் இருக்கும். இது மாறித் தெரிந்தால், நீங்கள் வாங்கியது வலப்பக்கம் வாகனம் ஓடும் நாடுகளுக்கான விளக்கு. எந்த ஸ்குரூவாலும் அதைத் திருத்த முடியாது, கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து முத்திரை உள்ள விளக்கானால் வாங்கும் முன்னரே கண்ணாடியைப் பாருங்கள்: இடப்பக்கப் போக்குவரத்துக்கு மட்டும் உரியதில், எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருக்கும்.

மரக்கறி மூடைகளைப் பின்னால் ஏற்றியதும் வாகனத்தின் முன்பக்கம் உயர்ந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். உயரத் திருகு இல்லாத வாகனமானால், திரும்பி வரும் பயணத்தின் சுமையைக் கணக்கில் எடுத்து ஒளியைச் சற்றுத் தாழ்த்தி வைப்பதே நியாயம்.

கேள்வி: புதிய ஹெட்லைட் பூட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மாரி மழைக்குப் பின் கண்ணாடியின் உட்புறம் நீர் படிகிறது. சிலிக்கோன் பூசி முழுவதையும் அடைத்துவிடலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: அடைக்க வேண்டாம். மெல்லிய பனி படிந்து, விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மறைந்தால் அது இயல்பானது. விளக்கு மூச்சு விடுவதற்கென்றே பின்னால் சிறு துவாரங்கள் உள்ளன. அடியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் பல்ப்பின் பின்னுள்ள றப்பர் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் நீர் புகுந்தால் கண்ணாடியின் விளிம்பில் வெடிப்பு இருக்கும்.

கேள்வி: வெளிச்சம் போதவில்லை. பிரைட்டும் டிம்மும் ஒன்றிலேயே உள்ள எச்4 பல்ப்பில் 100/90 வாட் போடலாமா, அல்லது எல்.ஈ.டி. பல்ப் நல்லதா?
– வாசகர், கிண்ணியா

பதில்: இரண்டும் வேண்டாம். உரிய 60/55 வாட் பல்ப் பிரைட்டில் சுமார் 5 அம்பியர் மின்னோட்டம் எடுக்கும். 100 வாட் ஆனால் அது 8 அம்பியரைத் தாண்டும். அதற்கென அமைக்கப்படாத வயரும் சுவிட்சும் சூடேறி, பிளாஸ்டிக் கனெக்டர் உருகும். எல்.ஈ.டி. பல்ப்பின் சிக்கல் வேறு: உங்கள் விளக்கின் பிரதிபலிப்பான், ஹலஜன் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து புறப்பட்டால் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். முதலில் மேலே சொன்னபடி வோல்ட்டை அளந்து, மஞ்சளித்த கண்ணாடியை தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பொலிஷ் பண்ணி, இரு பக்கமும் ஒரே நேரத்தில் புதிய 60/55 பல்ப் போட்டுப் பாருங்கள்.