சுருட்டுப் பிரியர் சேர்மனும் எட்டு இருக்கை ஜெட்டும்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனத்தில் சேர்மனின் உதவியாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் அவரும் ஐந்து விருந்தினர்களும் இங்கே இருக்கும் டீட்டர்பரோ விமான நிலையத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கும் வான் நைஸுக்கு எட்டு இருக்கை சார்ட்டர் ஜெட்டில், அதாவது முழுசாக வாடகைக்கு எடுத்த ஜெட்டில், போகிறார்கள். சேர்மனுக்குச் சாப்பாடு முடிந்ததும் சுருட்டு வேண்டும். விருந்தினர் ஒருவர் வேப், அதாவது இ-சிகரெட், பிடிப்பவர். "முழு விமானத்துக்கும் காசு கொடுக்கிறோம், அதில் புகைக்கக் கூடாதா?" என்கிறார் சேர்மன். சட்டம் இதை அனுமதிக்கிறதா? நான் யாரிடம் என்ன கேட்க வேண்டும்? அதற்கடுத்து மும்பைப் பயணமும் இருக்கிறது.

பதில்: சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடிந்துவிடும். அமெரிக்காவில் டிக்கெட் போட்டு ஏறும் விமானங்களில் புகைக்கு இடமே இல்லை. 1988-ல் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட உள்நாட்டுப் பயணங்களில் தொடங்கிய தடை, 1990-ல் ஆறு மணி நேரம் வரை நீண்டு, 2000-ல் அட்டவணைப்படி பறக்கும் எல்லா விமானங்களுக்கும் வந்துவிட்டது. சார்ட்டர் பக்கம் 2012-ல்தான் வந்தார்கள், அதுவும் ஒரு நிபந்தனையோடு: விமானப் பணியாளர் (விமானி இல்லை, கேபினில் பயணிகளைக் கவனிப்பவர்) கட்டாயம் இருந்தாக வேண்டிய விமானத்துக்கு மட்டும் தடை. 2016-ல் இ-சிகரெட்டையும் அதில் சேர்த்தார்கள். சார்ட்டர் விதிப்படி, பயணி இருக்கை 19-ஐத் தாண்டினால்தான் பணியாளர் கட்டாயம். உங்களுடையது எட்டு இருக்கை, ஆகவே இந்தத் தடை உங்கள் பயணத்தைத் தொடாது. பெரிய ஜெட்களில் சாப்பாடு பரிமாற ஒருவர் வருவாரே, அவர் வந்தால் தடையும் கூடவே வருமா என்று சிலர் கேட்பதுண்டு. வராது. அவர் உபசரிப்புக்கு வருகிறவர். விதி சொல்லும் கட்டாயப் பணியாளர் கணக்கில் சேரமாட்டார்.

இதை மட்டும் படித்துவிட்டு சேர்மனிடம் போய் "சரி சார்" என்று சொல்லிவிடாதீர்கள். அரசு தடுக்காத இடத்தில் முடிவு விமானத்தின் சொந்தக்காரர் கைக்குப் போகிறது. நீங்கள் பேசுவது புரோக்கரிடம். அவருக்குப் பின்னால், விமானத்தை இயக்கச் சான்றிதழ் வைத்திருக்கும் ஆபரேட்டர் இருக்கிறார். பெரும்பாலும் அந்த ஆபரேட்டருக்கும் பின்னால், தன் குடும்பத்துக்காக ஜெட் வாங்கி, சும்மா நிற்கும் நாட்களில் வாடகைக்கு விடும் ஒருவர் இருக்கிறார். அடுத்த வாரம் அவருடைய பேரக்குழந்தை அதே இருக்கையில் படுத்துத் தூங்கப் போகிறது. கல்யாண மண்டபத்தை முழுசாக வாடகைக்கு எடுத்தாலும் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் இல்லையா, அதே கதைதான் இங்கேயும்.

அவர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகப் புரியும். பராமரிப்புப் பொறியாளராகப் பல வருடங்கள் இந்தச் சிறிய ஜெட்களின் வால் பக்கம் தலையை விட்டு வேலை பார்த்தவன் நான். கேபினுக்குள் வரும் காற்று எஞ்சினிலிருந்து எடுக்கப்பட்டு, குளிரூட்டப்பட்டு உள்ளே நுழைகிறது. வெளியே போகும் வழி ஒரு வால்வு. உள்ளே அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதற்கு ஏற்ப அது கொஞ்சம் திறக்கும், கொஞ்சம் மூடும். கேபினில் ஊதிய புகை கடைசியில் வந்து சேருவது அந்த வால்வுக்குத்தான். ஒருமுறை, இறங்கும்போது காது அடைக்கிறது, அழுத்தம் குதிக்கிறது என்று விமானிகள் புகார் எழுதிய ஜெட் ஒன்று வந்தது. வால்வைக் கழற்றிப் பார்த்தால் விளிம்பு முழுக்கப் பிசுபிசுப்பு. ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்தேன். துணி ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிவிட்டது. நாலாவது துணிக்குத்தான் உலோகம் தெரிந்தது. அந்த விமானத்தின் முந்தைய முதலாளி தினமும் சுருட்டுப் பிடிப்பவராம். விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, கதவைத் திறந்தபோதே மூக்கு சொல்லிவிட்டது.

வால்வைத் துடைத்துவிடலாம். கூரைத் துணி, தரை விரிப்பு, தோல் இருக்கையின் தையல் இடுக்கு, இவற்றில் ஏறிய வாசனையை என்ன செய்ய? கேபின் காற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் துணியில் ஏறியது துணியோடு தங்கிவிடும். வாசனை போக்க ஓசோன் இயந்திரம் வைப்பார்கள், மொத்தமாகக் கழுவுவார்கள். அதற்குள் அடுத்த வாடகை கைவிட்டுப் போயிருக்கும். அதனால்தான் ஒப்பந்தங்களில் புகைத்தால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த வரியில் உச்சவரம்பு இருக்கிறதா, இல்லை "ஆகும் செலவு முழுவதும்" என்று திறந்து விட்டிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். நான் பார்த்த சண்டைகள் எல்லாம் அந்த ஒரு வரியில் வந்தவைதான்.

ஆகவே விலை கேட்கும்போதே புரோக்கரிடம், "சுருட்டு அனுமதிக்கும் விமானமாக வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். சந்தையில் அப்படிப்பட்டவை இருக்கின்றன, எண்ணிக்கைதான் குறைவு. வாய் வார்த்தை போதாது. விமானத்தின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, சுருட்டுக்குத் தனியாகவும் வேப்புக்குத் தனியாகவும் அனுமதி என்று ஆபரேட்டரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். சிகரெட்டுக்குச் சம்மதிக்கும் சில முதலாளிகள் சுருட்டு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். பதிவு எண் ஏன் என்றால், கடைசி நாளில் ஏதாவது பழுது என்று வேறு விமானத்தை அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம். வரும் விமானத்துக்கு வேறு முதலாளி, வேறு விதி. "மாற்று விமானத்துக்கும் இதே அனுமதி பொருந்துமா?" என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

அனுமதி கிடைத்தாலும் வானத்தில் கடைசி வார்த்தை விமானியுடையது. புகைப்பதைப் பற்றிப் புறப்படும் முன் பயணிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது சார்ட்டர் விதி. அந்த நேரத்தில் சேர்மன் போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கவனித்தால் நல்லது. புகைக்கக் கூடாது என்ற விளக்கு எரியும்போது, குறிப்பாக ஏறும்போதும் இறங்கும்போதும், பேச்சுக்கே இடமில்லை. யாராவது மருத்துவ ஆக்ஸிஜனோடு வந்தால் அன்றைக்கு முழுக்கச் சுருட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று கழிவறைக்குள் போய்ப் பிடிப்பது இருப்பதிலேயே மோசமான யோசனை. 1973 ஜூலை 11 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் வந்த வாரிக் நிறுவனத்தின் போயிங் 707-ல் பின் கழிவறையில் தீப்பிடித்தது. ஓர்லி விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் வயலில் இறக்கினார்கள். 134 பேரில் 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். குப்பைத் தொட்டியில் விழுந்த சிகரெட்டாக இருக்கலாம் என்பதுதான் சந்தேகம். புகைக்கவே கூடாத விமானத்திலும் கழிவறைக் கதவுப் பக்கம் ஆஷ்ட்ரே இருப்பதைப் பார்த்துப் பலர் சிரிப்பார்கள். விதியை மீறிப் பற்றவைக்கிற ஒருவன் துண்டைக் காகிதத் தொட்டியில் போட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் வைத்தது அது.

சுருட்டுக்காரர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு: லைட்டர். நீல ஜுவாலை சீறிக்கொண்டு வரும் டார்ச் லைட்டரைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் முடியாது. சார்ட்டருக்கும் இதே விதிதான். சாதாரண லைட்டர் ஒன்றோ, பாதுகாப்புத் தீக்குச்சி அட்டை ஒன்றோ போதும். உட்காரும் இடத்தையும் விமானியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நான் சொன்ன வால்வு பல சிறிய ஜெட்களில் கேபினின் பின்கோடியில் இருக்கும். அங்கே உட்கார்ந்து பிடித்தால் புகை மற்றவர் முகத்தைக் கடந்து போக வேண்டியதில்லை.

ஐந்து விருந்தினர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பறக்கும்போது கேபின் அழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதுபோல, சில விமானங்களில் அதைவிடக் கொஞ்சம் உயரமான மலையில் இருப்பதுபோல. ஏற்கெனவே ஆக்ஸிஜன் குறைவான காற்று. புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர் ஒன்றரை மீட்டர் அகலக் குழாய்க்குள் அதை முகர்ந்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும். சேர்மன் எதிரே "வேண்டாம்" என்று சொல்ல அவர் கூச்சப்படுவார். அதனால் முன்கூட்டியே தனியாக நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வேப் வைத்திருப்பவரிடம் சொல்ல வேண்டியது: அது உடம்போடு அல்லது கைப்பையில் கேபினுக்குள் இருக்கட்டும், விமானத்தில் சார்ஜ் போட வேண்டாம். சிறிய ஜெட் பலவற்றில் பெட்டி வைக்கும் அறைக்கு வெளிப்பக்கம்தான் கதவு, பறக்கும்போது யாரும் அங்கே போக முடியாது. லித்தியம் பேட்டரி அங்கே சூடேறினால் தண்ணீர் ஊற்றக்கூட வழியில்லை. பெட்டி ஏற்றும் பையனிடம் கொடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மறந்துபோய்ப் பெட்டிக்குள் போட்டுவிடுவதுதான் அதிகம் நடப்பது.

புகை அனுமதிக்கும் விமானம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? மேற்கு நோக்கிப் போகும் இந்தப் பயணம் எதிர்காற்றோடு ஐந்தரை மணி நேரத்தை ஒட்டி வரும். சிறிய ஜெட்டாக இருந்தால் எப்படியும் எரிபொருளுக்கு நடுவில் இறங்கும், கான்சாஸில் சலைனா அப்படிப்பட்ட ஓர் இடம். முனையக் கட்டடத்தின் தெருப் பக்கம் நின்று நிதானமாக ஒன்று பிடித்துவிட்டு ஏறலாம். விமானத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், எரிபொருள் லாரி அங்கேதான் நிற்கும். இறங்காமல் போகிற ஜெட் என்றால், நிகோடின் சூயிங்கம் ஒத்துக்கொள்ளுமா என்று சேர்மன் தன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மும்பைக்கு வருவோம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டை இறக்குமதி செய்வதே குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தனி ஜெட்டில் வந்திறங்கினாலும் சுங்கத்தைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அந்த விருந்தினரும் மும்பைக்கு வருகிறார் என்றால், வேப்பை டீட்டர்பரோவிலேயே, தன்னைக் கொண்டுவந்து விடும் காரில் விட்டுவிட்டு ஏறச் சொல்லுங்கள்.