ஆர்த்தோ-கே லென்ஸும் கண் தொற்றும்: கேள்வி பதில்

பகலில் கண்ணாடி இல்லாமல் பார்க்க, இரவில் அணிந்து காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே லென்ஸைப் பற்றிப் பெற்றோர்கள் கேட்டவற்றுக்கு, கான்டாக்ட் லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்டாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது, பவர் மைனஸ் 3. லென்ஸோடு தூங்கினால் தொற்று வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வரக்கூடும். கருவிழியில் (கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) இரத்தக் குழாய்கள் இல்லாததால், விழித்திருக்கும்போது அது பெரும்பாலும் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகிறது. இமை மூடியிருக்கும்போது அந்த வரத்து குறைவதோடு, கிருமிகளை அடித்துச் செல்லும் கண்ணீரும் லென்ஸுக்கு அடியில் தேங்கிவிடுகிறது. மேலும், கருவிழியின் மேலடுக்கை நடுவில் மெலியச் செய்துதான் இந்த லென்ஸ் பார்வையைத் திருத்துகிறது. அமெரிக்காவில் 1,317 பேரின் விவரங்களைத் திரட்டி 2013இல் வெளியான ஆய்வில் கருவிழித் தொற்று இருவருக்கே உறுதியானது, இருவரும் சிறார்கள். குழந்தைகள் 10,000 பேர் ஓராண்டு அணிந்தால் சுமார் 14 பேருக்கு வரலாம் என்பது அதன் கணக்கு. அரிதுதான், ஆனால் கருவிழியின் நடுவில் தழும்பு விழுந்தால் கண்ணாடி போட்டாலும் பழைய பார்வை திரும்பாமல் போகலாம்.

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறோம். அதில் லென்ஸை அலசினால் என்ன?

பதில்: கூடவே கூடாது. குடிக்கத் தகுந்த நீரிலும் அகந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி இருக்கலாம். அது கூடு கட்டி ஒடுங்கிவிட்டால் குளோரினுக்கும் சாவதில்லை. 2001ஐ ஒட்டிச் சீனா, ஹாங்காங், தைவான் பகுதிகளில் இந்த லென்ஸ் அணிந்த சிறார்கள் பலர் கருவிழிப் புண்ணுக்கு ஆளானபோது, சூடோமோனாஸ் பாக்டீரியாவும் அகந்தமீபாவுமே முதன்மைக் காரணங்களாகத் தெரியவந்தன. அகந்தமீபா தொற்றுக்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். லென்ஸை மட்டுமன்று, அதை வைக்கும் டப்பாவையும் குழாய் நீரில் கழுவாதீர்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமியின் டப்பா பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. உட்புறம் விரலால் தடவியபோது பாசி போல வழுக்கியது. அந்த வழுவழுப்பு கிருமிகள் கட்டிய படலம். தினமும் டப்பாவில் உள்ள பழைய லென்ஸ் கரைசலைக் கொட்டி, புதுக் கரைசலால் தேய்த்து அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்துக் கவிழ்த்து உலர விடுங்கள். டப்பாவை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: காலையில் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. மகன் அவசரத்தில் பிடுங்குகிறான்.

பதில்: பிடுங்கினால் மேலடுக்கு கீறிக்கொள்ளும், கிருமி நுழைய அந்தக் கீறல் போதும். மருத்துவர் தந்த ஈரப்பதச் சொட்டு மருந்தை விட்டு, சில நிமிடம் கண் சிமிட்டச் சொல்லி, லென்ஸ் நகர்வதைப் பார்த்த பிறகே கழற்றுங்கள். அடிக்கடி ஒட்டினால் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: லேசான சிவப்புதான். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு தொடரலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சிவப்பு, வலி, வெளிச்சம் பட்டால் கூசுதல், பார்வை மங்கல், பீளை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். சூடோமோனாஸ் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடக்கூடியது. கடையில் கொடுக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பு வடிந்து குணமானது போலத் தோன்றும். உள்ளே புண் வளர்ந்துகொண்டிருக்கும். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். கிருமி எதுவென்று கண்டறிய அவை உதவும்.

கேள்வி: சளி, காய்ச்சல் இருக்கும்போது?

பதில்: குணமாகும் வரை லென்ஸ் வேண்டாம். பார்வை மெல்லப் பழைய பவருக்குத் திரும்பும் என்பதால், பள்ளிக்குப் போட்டுச் செல்ல ஒரு கண்ணாடியை எப்போதும் தயாராக வைத்திருங்கள்.