கேளுங்க, அக்கா சொல்றேன்: லெப்டொப்பும் கேமும் கொஞ்சம் சிரிப்பும்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல லெப்டொப் பத்தித்தான், மிச்சம் கேமும் ஜோக்கும். நம்ம பக்கத்துல கோட் எழுதுற புள்ளைங்க கூடிட்டே வர்றாங்கன்னு இதுலயே தெரியுது, எனக்கு ரொம்ப சந்தோசம், அதனால இந்த தடவ முழுக்க உங்களுக்குத்தான்.

அக்கா, எனக்கு கெம்பஸ் கெடச்சிருக்கு, ஐடி. அப்பா சீட்டு எடுத்து காசு தர்றேன்னாரு. கூட்டாளிமாரு எல்லாம் கேமிங் லெப்டொப்தான் வாங்கணும்னு நிக்கிறாங்க. வாங்கவா?
– ஒரு தம்பி, பண்டாரவளை

மொதல்ல வாழ்த்துக்கள் தம்பி, அப்பாவுக்கும் சேர்த்து. கேமிங் லெப்டொப்புல நீங்க கூடுதலா காசு குடுக்குறது தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு, ஜாவா பைதன் எழுதவும் வெப்சைட் செய்யவும் அது தேவையே இல்ல, 3டி வேலையோ மெஷின் லேர்னிங்கோ செய்யப் போறீங்கன்னா மட்டும் யோசிக்கலாம். பாரமும் கூட, சார்ஜர் தனிப் பாரம், பெட்டரி சீக்கிரம் எறங்கிரும், லீவுக்கு வர்றப்போ பஸ்ல நின்னுக்கிட்டே முதுகுல சொமக்கப் போறது நீங்கதான், கூட்டாளிமாரு இல்ல.

அந்தக் காச ரேம்லயும் (வேல நடக்குறப்போ கம்பியூட்டர் பாவிக்கிற நினைவகம்) எஸ்எஸ்டியிலயும் (ஃபைல் எல்லாம் சேமிக்கிற வேகமான டிஸ்க்) போடுங்க. 8 ஜிபி ரேம வச்சி மொத வருசத்த ஓட்டிரலாம், ஆனா போன் ஆப் செய்யிற ஆன்ட்ராய்ட் ஸ்டூடியோவும், கம்பியூட்டருக்குள்ளயே போன் மாதிரி ஓடுற எமுலேட்டரும் ஒண்ணா ஓடணும்னா கூகுளே 16 ஜிபி கேக்குது. அதனால கடையில மொத கேள்வியா இதக் கேளுங்க: ரேம் போர்டுலயே சோல்டர் பண்ணுனதா, இல்ல ஸ்லொட்ல போட்டதா? ஸ்லொட் இருந்தா இப்ப 8 ஓட வாங்கிட்டு கையில காசு வர்றப்போ கூட்டிக்கலாம், சோல்டர்னா வாங்குறப்பவே 16 எடுத்துரணும், பெறகு யாராலயும் ஒண்ணும் செய்ய ஏலாது.

இன்னொண்ணு, ப்ரொசசர் பேர்ல இருக்குற நம்பர். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில மொத இலக்கத்தப் பாத்து மயங்கிறாதீங்க, மூணாவது இலக்கம்தான் உள்ள இருக்குற கோர், அதாவது கணக்குப் போடுற பகுதி, எந்தத் தலைமுறைன்னு சொல்லும். 7520யூன்னா ஸென் 2, அது 2019ல வந்த டிசைன், 7530யூன்னா ஸென் 3, 7540யூன்னா ஸென் 4. மூணையும் ஒரே மேசையில வச்சி மூணும் ‘ரைசன் 5, 7000 சீரிஸ்’னு சொல்லி விப்பாங்க, அதுலயும் அந்த 7520யூ இருக்குற லெப்டொப் எல்லாத்துலயுமே ரேம் சோல்டர்தான். இத மட்டும் தாள்ல எழுதிக்கிட்டு கடைக்குப் போங்க.

டவுன்ல ஒரு கடையில கம்பெனி யூஸ் பண்ணுன பழைய லெப்டொப் மலிவா இருக்கு அக்கா. எடுக்கலாமா, பயமா இருக்கு.
– தங்கச்சி ஒருத்தி, மஸ்கெலியா

எடுக்கலாம் தங்கச்சி, பயப்படாதீங்க. திங்க்பேட், லெட்டிட்யூட், எலைட்புக் இதெல்லாம் ஒபிஸ் வேலைக்குன்னு செஞ்சது, கீபோர்ட் நல்லா இருக்கும், பின் மூடியக் கழட்டி எஸ்எஸ்டி மாத்துறதும் லேசு. என்னக் கேட்டா புதுசா ஒரு மலிவு லெப்டொப் வாங்குறதவிட நல்லா இருக்குற பழைய திங்க்பேட்தான் மேல்.

ஆனா இன்டெல்னா எட்டாவது தலைமுறைக்குக் கீழ எடுக்க வேணாம். ஐ5 7200யூவுல ரெண்டு கோர்தான், அதுக்கு அடுத்து வந்த 8250யூவுல நாலு கோர், ஒரே வருச எடவெளியில அவ்வளவு பெரிய தாவல். விண்டோஸ் 11உம் எட்டாவதுல இருந்துதான் முறையா ஏறும், விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிப்பாட்டிருச்சி. ஏழாவது தலைமுறை ஒண்ணு சும்மா கெடச்சா வாங்கி விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுக்கங்க, பைதன் படிக்க அது தாராளம்.

கடையில வச்சே பெட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, விண்டோஸ்லயே அது இருக்கு. செஞ்சப்போ பெட்டரி எவ்வளவு புடிச்சிச்சி, இப்ப ஃபுல் சார்ஜ்ல எவ்வளவு புடிக்கிது, ரெண்டும் அதுல பக்கத்துல பக்கத்துல வரும். பாதிக்குக் கீழ போயிருந்தா புது பெட்டரிக்கான காச வெலையில கொறைக்கச் சொல்லுங்க. பயோஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்குற செட்டிங்ஸ்) போக பாஸ்வேர்ட் கேட்டா வச்சிட்டு வந்துருங்க, பழைய கம்பெனியோட லொக் அது, பெறகு நீங்கதான் அலையணும்.

எங்க வீடு நல்ல ஒசரத்துல. ஒசரத்துல ஹார்ட் டிஸ்க் பழுதாகும்னு அண்ணன் சொல்றான். பொய்தானே?
– நுவரெலியா வாசகி

அண்ணன் சொல்றதுல உண்மை இருக்கு. ஹார்ட் டிஸ்க்குல படிக்கிற தலை, சுத்துற தட்டு மேல படாம மெல்லிசா காத்துல மெதக்குது, காத்து கொறஞ்சா அதோட மெதப்பும் கொறையும், அதனாலதான் சாதாரண டிஸ்க்குக்கு 3,048 மீட்டர் வரைக்கும்னு ஒரு எல்ல போட்டுருக்காங்க. ஆனா நம்ம நாட்டுலயே ஒசரமான பீதுருதாலகால 2,524 மீட்டர்தான். உச்சியில உக்காந்து கோட் எழுதுனாலும் ஒண்ணும் ஆகாது, எஸ்எஸ்டின்னா இந்தப் பேச்சே இல்ல.

நீங்க பயப்பட வேண்டியது மின்னலுக்கு. ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரத்துல வானம் இருட்டுனா சார்ஜரக் கழட்டிருங்க, கேபிள்ல வர்ற இன்டர்நெட்னா ரவுட்டர்ல இருந்து வர்ற வயரையும் கழட்டுங்க, கிட்டத்துல விழுற இடிக்கு சர்ஜ் ப்ரொடெக்டர மட்டும் நம்ப ஏலாது.

என் மக ஏஎல் படிக்குது, ஐசிடி ஒரு பாடம். எந்நேரமும் கேம். கேட்டா கோட் எழுதுறவங்க எல்லாரும் வெளாடுவாங்கப்பான்னு சொல்லுது. உண்மையாம்மா?
– ஒரு தகப்பன், பொகவந்தலாவ

ஐயா, முக்காவாசி உண்மைங்க. 1962லயே அமெரிக்காவுல எம்ஐடிங்குற கெம்பஸ்ல பெரிய அலுமாரி மாதிரி இருந்த ஒரு கம்பியூட்டர்ல பொடியனுங்க சேர்ந்து விண்வெளிச் சண்ட கேம் ஒண்ணு எழுதி ராத்திரி பகலா வெளாண்டாங்க. கேம்ல பிழையே அழகாகுறதும் உண்டுங்க. 1978ல ஜப்பான்ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல எதிரிங்க கொறையக் கொறைய வேகம் கூடும், அது வேணும்னு செஞ்சது இல்ல, வரைய வேண்டிய படம் கொறஞ்சதால கம்பியூட்டர் தானா வேகமாகிருச்சி, செஞ்சவரு அதப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு அப்படியே விட்டுட்டாரு. மக வெளாடுற மைன்கிராஃப்ட்ல பச்சையா ஒரு பேய் வந்து வெடிக்கும் பாருங்க, அது பன்றி செய்யப் போயி நீளத்தையும் ஒசரத்தையும் மாத்திப் போட்டதுல வந்தது.

மகளுக்கு ஒண்ணு சொல்லுங்க, இல்ல இந்தப் பக்கத்தக் குடுங்க. தங்கச்சி, வெளாடுற நேரத்துல கொஞ்சத்த எடுத்து ஒரு கேம் எழுதிப் பாருங்க, நான் சொல்றது கெரம் போர்ட். வெள்ள 9, கறுப்பு 9, செவப்பு 1, ஸ்ட்ரைக்கர் 1, மொத்தம் 20 வட்டம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில மாறுற ஒவ்வொரு படத்துக்கும், எது எதோட மோதுதுன்னு பாக்கணும், 20ஐ 19ஆல பெருக்கி ரெண்டால வகுத்தா 190 ஜோடி, செக்கனுக்கு 60 ஃப்ரேம்னா 11,400 தடவ, எந்தப் பழைய லெப்டொப்பும் இத ஊதித் தள்ளிரும். பவுடர் போட்ட போர்டு எவ்வளவு வழுக்கும், ஓரத்துல பட்டு எந்தக் கோணத்துல திரும்பும்னு யோசிக்கிறப்போ பாடத்துல வர்ற கணக்கெல்லாம் கைக்கு வந்துரும், உங்களுக்கு கை பழகுன வெளாட்டுங்குறதால பிழை இருந்தா பாத்த ஒடனே தெரியும். ஐயா, பரீட்ச கிட்ட வந்தா மட்டும் நேரத்தக் கொறைக்கச் சொல்லுங்க, கேம முழுசா நிப்பாட்ட வேணாம்.

கூட்டாளி ஒருத்தன் டீசேர்ட்ல ‘418’னு மட்டும் போட்டுருக்கு. கேட்டா சிரிக்கிறானே தவிர சொல்ல மாட்டேங்குறான்.
– தம்பி, பதுளை

தம்பி, தேயிலைக்கு நடுவுல பொறந்த நாம கட்டாயம் தெரிஞ்சிக்க வேண்டிய ஜோக் இது! வெப்சைட் இல்லன்னா 404 வரும்ல, அதே வரிசையில 418ன்னா ‘நான் ஒரு டீ பொட்’. இன்டர்நெட் எப்புடி ஓடணும்னு சட்டம் எழுதுறவங்க ஆர்எஃப்சின்னு ஆவணம் போடுவாங்க, ஏப்ரல் 1 வந்தா அதுலயே பகிடியும் விடுவாங்க. 1998 ஏப்ரல் 1ல 2324ங்குற நம்பர்ல கோப்பி பொட்ட இன்டர்நெட்ல இருந்து இயக்குறதுக்கு முழு நெறிமுறையே எழுதிட்டாங்க, கோப்பி போட ஒரு கட்டள, பால் ஊத்துறப்போ போதும்னு நிப்பாட்ட இன்னொரு கட்டள. அதுல டீ பொட்டுக்கிட்ட போயி கோப்பி கேட்டா அது 418னு பதில் சொல்லணும்.

அப்ப டீக்கு? அதுக்கு 2014 ஏப்ரல் 1 வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதாப் போச்சி, அப்பதான் 7168ங்குற ஆர்எஃப்சி வந்து டீயையும் சேர்த்துச்சி. உதாரணத்துக்கு டார்ஜிலிங், ஏர்ல் கிரேன்னு போட்டுருக்காங்க, டிம்புலயும் ஊவாவும் அங்க இருந்துருக்கணும்னு எனக்கு மனசுல ஒரு ஆச. 2017ல இந்த 418 தேவையில்ல, எடுத்துருவோம்னு ஒரு பேச்சு வந்தப்போ ஒரு ஸ்கூல் பையன் காப்பாத்துங்கன்னு வெப்சைட் போட்டான், ஊர் ஒலகமெல்லாம் சேர்ந்துருச்சி, நம்பரும் தப்பிச்சிருச்சி.

இதே குடும்பத்துல இன்னொண்ணு, 1990ல புறா வழியா இன்டர்நெட் அனுப்புறது எப்புடின்னு எழுதுனது. 2001ல நோர்வேயில பேர்கன்ங்குற ஊர்ல நெசமாவே செஞ்சி பாத்தாங்க, 9 பக்கெட் (இன்டர்நெட்ல தகவல் போற சின்னச் சின்னப் பொதி) அனுப்பி 4க்குத்தான் பதில் வந்திச்சி. மிஸ்ட் எறங்குன நாள்ல எங்க தோட்டத்து சிக்னலும் இப்புடித்தான்னு ஒரு வாசகர் எழுதிருந்தாரு, ரசிச்சி சிரிச்சேன்.

ரூம்ல ஒரே சண்ட அக்கா. கோட் வரிய உள்ள தள்ளி எழுத நான் டேப் கீ அமுக்குறேன், அவன் ஸ்பேஸ் கீ. யாரு சரி?
– ரெண்டு பேரு, ஹட்டன்

பைதன்னா நாலு ஸ்பேஸ், பைதன் எழுதுற முறைக்கான பெப் 8ங்குற ஆவணத்துல எழுதியே வச்சிருக்காங்க. கோ மொழின்னா கோட்ட ஒழுங்கா அடுக்குற அதோட ஃபோர்மட்டரே டேப் போட்டுரும், லினக்ஸோட அடிப்படைக் கோடான கர்னலுக்கும் டேப்தான். ஒரே ப்ரொஜெக்ட்னா டேப்பா ஸ்பேஸான்னு எழுதி வைக்கிற ஒரு எடிட்டர்கொன்ஃபிக் ஃபைல் போட்டு ரெண்டு பேரும் அதுக்குக் கட்டுப்படுங்க, தனித்தனி ப்ரொஜெக்ட்னா அவங்கவங்க இஷ்டம்.