வாசகர் கேள்வி – பதில்: போருக்கு எதிராக ஒரு மௌன அஞ்சலி

கேள்வி: போர் வேண்டாம் என்று சொல்ல, மாலையில் மெழுகுவத்தி ஏந்தி ஒரு மணி நேரம் மௌனமாக நிற்கப் போகிறோம். நாற்பது பேர் வருவார்கள். எதில் கவனம் தேவை?

பதில்: முதலில் இடத்துக்கான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த தொல்லை காற்று. கண்ணாடிக் குவளையில் இரண்டு விரல்கடை மணல் போட்டு மெழுகுவத்தியை ஊன்றினால் சுடர் அணையாது, மெழுகும் கையில் சொட்டாது. ஒருவர் சுடரிலிருந்து இன்னொருவர் ஏற்றும்போது எரிகிற மெழுகுவத்தி நிமிர்ந்தே இருக்கட்டும். எரியாததைத்தான் சாய்க்க வேண்டும். பெரும்பாலும் இதை மாற்றிச் செய்துதான் விரலைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

அட்டைக்கு ஐந்தாறு சொல் போதும். எழுத்து 15 செ.மீ. உயரம் இருந்தால் சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பவரும் வாசிப்பார். புள்ளியைத் தடிமனாக வையுங்கள். தூரத்தில் அது மறைந்தால் 'போர்' என்பது 'போர' ஆகிவிடும்.

வம்புக்கு வருபவரிடம் பேச நிதானமான இருவரை மட்டும் நியமியுங்கள். மற்றவர்கள் வாய் திறக்கவே கூடாது. 1988-இல் ஜெருசலேமில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கறுப்புடையில் நிற்கத் தொடங்கிய பெண்களின் பலம் அந்த மௌனம்தான்.

கேள்வி: வட்டத்துக்குள் மூன்று கோடு கொண்ட சமாதானச் சின்னத்துக்கு என்ன பொருள்?

பதில்: 1958-இல் பிரிட்டனில் அணு ஆயுத எதிர்ப்புப் பேரணிக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைந்தது. 'அணு ஆயுத ஒழிப்பு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான என், டி இரண்டின் கொடிச் சைகைகளும் (கைகளில் கொடி பிடித்து, கையின் கோணத்தால் எழுத்தைக் காட்டும் முறை) அதில் இணைந்திருக்கின்றன. சாய்ந்த கோடுகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அட்டையைத் தலைகீழாகப் பிடித்துவிடாதீர்கள்.