பேராசிரியர் கொண்டுவந்த நிலச் சட்டம்

கேள்வி: கனடாவின் கால்கரி நகரில் வேலை பார்க்கும் என் மகன் டெட் மார்ட்டன் என்ற பேராசிரியரைப் பற்றிச் சொன்னான். பழுத்த பழமைவாதியாம், ஆனால் மாநில உரிமைக்காகக் குரல் கொடுத்தாராம். இரண்டும் எப்படிப் பொருந்தும் ஐயா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நன்றாகவே பொருந்தும் அம்மா. மாநில சுயாட்சி என்றால் நமக்கு ராஜமன்னார் குழுவும் 1974-ஆம் ஆண்டின் சட்டமன்றத் தீர்மானமும் நினைவுக்கு வரும். உதகையில் அரசியல் பாடம் நடத்திய காலத்தில் நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் அதே குரல் வலதுசாரிகளிடமிருந்து எழுந்தது. 2001 ஜனவரியில் மார்ட்டன், பின்னாளில் பிரதமரான ஸ்டீபன் ஹார்ப்பர் உட்பட ஆறு பேர் மாகாண முதல்வர் ரால்ப் கிளைனுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். ஓய்வூதியத்தை நாமே நடத்துவோம், வருமான வரியை நாமே வசூலிப்போம், சொந்தக் காவல்துறை அமைப்போம் என்றார்கள். நமக்குக் காவல்துறை எப்போதும் மாநிலத்தின் கையில்தான். அங்கே கிராமப்புறங்களில் காவல் பார்ப்பது மத்தியப் படை.

மார்ட்டன் கால்கரி பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்தவர். 1998-இல் ஆல்பர்ட்டா மக்கள் அவரைச் செனட் என்ற மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுத்தும், நியமிக்கும் அதிகாரம் கொண்ட ஒட்டாவாவின் மத்திய அரசு அவரை நியமிக்கவில்லை. 2004-இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். 2006-இல் மாகாணத்தை ஆண்ட தன் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்று, வென்றவரின் அமைச்சரவையிலேயே சேர்ந்தார்.

நீதிபதிகள் கொள்கை வகுக்கப் புகுந்துவிட்டார்கள் என்பது அவருடைய நெடுநாள் வாதம். இதில் அவரோடு எனக்கு உடன்பாடே இல்லை. சீகூர் யானை வழித்தடத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததே, அந்தத் தீர்ப்பு இல்லாமல் போயிருந்தால் மசினகுடிப் பக்கம் யானை எந்த வழியாக நடக்கும்?

ஆனால் அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கிறேன். அமைச்சராக இருந்தபோது, 2009-இல் நிலப் பயன்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆற்றுப் படுகைகளை ஒட்டி மாகாணத்தை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து, எங்கே வீடு, எங்கே எண்ணெய்க் கிணறு, எங்கே புல்வெளி என்று முன்கூட்டியே திட்டமிடுவது அதன் நோக்கம். தன் நிலத்தில் அரசு கைவைக்கிறது என்று பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டே ஆண்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தை அவரைவிட வலப்புறம் நின்ற வைல்ட்ரோஸ் கட்சி அறுவடை செய்தது. 2012 தேர்தலில் அந்தக் கட்சியின் வேட்பாளரிடமே மார்ட்டன் தொகுதியை இழந்தார். தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அவருடைய கட்சியும் அப்போது களைத்திருந்தது.

பண்ணைக்காரரின் கோபம் எனக்குப் புரியாததல்ல. வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நின்ற ஒரு கற்பூர மரத்தை வெட்ட, 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மனு எழுதி, ஒரு மழைக்காலம் முழுவதும் அலுவலகத்துக்கு நடந்தவன் நான். நடந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது. அப்படியும் அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி யாராவது கையெழுத்துக் கேட்டால் போட மாட்டேன். நம் மலையில் சரிவு சரிவாகத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு விடுதி எழுப்புவதை நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

மகன் அடுத்த முறை பேசும்போது, ராக்கி மலையடிவாரத்தில் வீட்டு மனைகள் எதுவரை வந்துவிட்டன என்று கேளுங்கள் அம்மா. அவர் சொல்வதை எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.